பெட்டி நிறைய வேண்டாம், பொருந்தினால் போதும்



சென்ற மாதம் ஒரு மாலையில் மதரஸா வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னர், ஒரு மாணவன் மட்டும் வாசலில் தயங்கி நின்றான். பதினான்கு வயதிருக்கும். தந்தை சவூதியில் பணிபுரிகிறார். இல்லத்தில் தாயும் இவனும் இரு தங்கைகளும் மட்டுமே. கிணற்று மோட்டாராயினும், வாசற்கதவாயினும், தந்தை விட்டுச் சென்ற வண்டியாயினும், எது பழுதானாலும் ஆளைத் தேடி அலைய வேண்டியவர்கள் தாயும் மகனுமே.

"ஹஜ்ரத், ஸ்பானர் செட்டு வாங்கிக்கச் சொல்லி அத்தா பணம் அனுப்பியிருக்காங்க. கடையில 46 உருப்படி உள்ள பெட்டி ஒண்ணு இருக்கு. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கச் சொல்லி அம்மா சொன்னாங்க" என்றான்.

ஓதிக் கொடுப்பவனிடம் ஸ்பானரைப் பற்றி ஆலோசனை கேட்பதா என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. ஸ்பானரால் நான் பட்ட பாட்டை என் இல்லத்தரசி தெரு முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். ஆகவே, அதை இங்கே நானே சொல்லிவிடுவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சேலத்தில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்று, மனைவியுடனும் சிறு மகளுடனும் மோட்டார் சைக்கிளில் தருமபுரி திரும்பிக்கொண்டிருந்தேன். தொப்பூர் கணவாயின் ஏற்றத்தில் சங்கிலி தளர்ந்து பற்சக்கரத்தை விட்டுக் கழன்றது. நான் கவலைப்படவில்லை. சாலையோர வியாபாரியிடம் மலிவாக வாங்கிய பளபளக்கும் ஸ்பானர் செட்டு என் பையில் இருந்தது. பின்சக்கர அச்சின் நட்டைத் தளர்த்தி, சங்கிலியை இழுத்துப் பூட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணினேன். ஸ்பானரை மாட்டி அழுத்தினேன். நட்டு அசையவில்லை, ஸ்பானரின் வாய்தான் விரிந்தது. மீண்டும் அழுத்தினேன். ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டிகள் வண்டியில் மோதித் தோலுரிந்தன. நாலைந்து முறை முயன்றதில் நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிவிட்டன. இருட்டத் தொடங்கிவிட்டது. லாரிகள் முக்கி முனகி ஏறுகின்ற அந்தச் சாலையின் ஓரத்தில், குழந்தையை அணைத்துக்கொண்டு மனைவி நின்ற நிலையை இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன்.

ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். கைவிளக்கடித்து நட்டைப் பார்த்தார். "உங்க ஸ்பானர் நட்டைப் பிடிக்கவே இல்லை, பாய். மூலையை மட்டும் சுரண்டியிருக்கு" என்றார். தம் கருவிப் பையிலிருந்து, நட்டின் அளவைவிட ஒரு சுற்றுச் சிறிய ரிங் ஸ்பானரை எடுத்து, மழுங்கிய நட்டின்மேல் சுத்தியலால் மெல்லத் தட்டி ஏற்றினார். ஒரே இழுப்பில் நட்டு தளர்ந்தது. சங்கிலியை ஏற்றிப் பூட்டியதோடு நில்லாமல், கணவாய் முடியும்வரை தம் லாரியின் விளக்கொளியில் எங்களை முன்னே செல்லவிட்டு மெதுவாகப் பின்தொடர்ந்தார். கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் அந்த நட்டை மாற்றியபோது அச்சின் மரையும் கெட்டிருப்பது தெரிந்தது. அதைச் சீர்செய்த செலவில் நல்ல ஸ்பானர்கள் இரண்டு மூன்று வாங்கியிருக்கலாம். அதற்குப் பின்னரே, சேலம் சாலையிலுள்ள பட்டறைகளில் நின்று, கைதேர்ந்தவர்களைக் கேட்டு, இந்த எளிய கருவியைப் பற்றி அறியத் தொடங்கினேன். அம்மாணவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எண் எதைக் குறிக்கிறது?

ஸ்பானரின்மேல் பொறித்துள்ள 10, 13, 17 என்ற எண் போல்ட்டின் பருமன் அன்று. நட்டின் எதிரெதிரான இரு தட்டைப் பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்வதே அவ்வெண். 6 மில்லிமீட்டர் பருமனுள்ள போல்ட்டின் தலைக்கு 10ஆம் எண் ஸ்பானர் வேண்டும். 8க்கு 13, 10க்கு 17, 12க்கு 19. பொதுவான இயந்திரங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு இது. ஜப்பானிய முறையைத் தழுவிய வாகனங்களில் தலைகள் சற்றுச் சிறியவை. அங்கே 8க்கு 12ம், 10க்கு 14ம், 12க்கு 17ம் வரும். புதிய தரமுறையைப் பின்பற்றும் பொருள்களில் 16, 18 என்ற அளவுகளையும் காணலாம்.

ஆக, 8, 10, 12, 13, 14, 17, 19 ஆகிய ஏழு அளவுகள் இருந்தால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் இல்லத்திலும் வாகனத்திலும் எதிர்ப்படுகின்ற பெரும்பாலான நட்டுகளுக்கு விடை கிடைத்துவிடும். மற்ற அளவுகளைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம். 6 முதல் 32 வரை வரிசை குலையாமல் அடுக்கிய பெட்டியை வாங்குவோர், அவற்றுள் பாதியைத் துருப்பிடிக்கவிடுவதையே கண்டிருக்கிறேன்.

அளவு ஒன்றாக இருப்பதன் அருமையை அறிய, நம் ஊர்களில் நிற்கும் அடிபம்புகளைப் பாருங்கள். 1970களில் யுனிசெஃப் துணையுடன் உருவாகி நாடெங்கும் பரவிய 'இந்தியா மார்க் 2' பம்பு அது. அதன் மேற்பகுதியைக் கழற்றிப் பூட்ட வேண்டிய ஸ்பானர் அளவுகள் 17, 19 என்ற இரண்டே. எந்தக் கிராமத்துப் பம்பாயினும் அவையே பொருந்தும். அளவை ஒருமுறை வரையறுத்துவிட்டதால் எத்தனையோ ஊர்களின் தண்ணீர்த் தடை எளிதில் நீங்கியிருக்கிறது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841இல் மரைகளுக்கு ஒரே சீரான அளவுமுறையை முன்மொழிந்தார். அது அங்குலக் கணக்கு. இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றியது 1956இல்தான். 1955இலிருந்து சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் போன்ற பழைய வண்டிகளிலும், பழைய இயந்திரங்களிலும் அங்குல நட்டுகள் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13ஆம் எண் ஸ்பானர் மாட்டிக்கொள்ளும். ஆனால், இடையில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் இறுகிய நட்டின் மூலையைத் தின்றுவிடுகிறது. மாட்டிக்கொள்வது வேறு, பொருந்துவது வேறு.

ஒரு முனை வாய், ஒரு முனை வளையம்

ஸ்பானர் வகைகளுள் இல்லத்திற்கு ஏற்றது காம்பினேஷன் ஸ்பானர். அதன் ஒரு முனை திறந்த வாய். மறு முனை மூடிய வளையம். இரண்டும் ஒரே அளவு. திறந்த வாய் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றும். வளையமோ ஆறு மூலைகளையும் சுற்றிப் பிடிக்கும். எனவே, இறுகிய நட்டை முதலில் தளர்த்துவதற்கும் கடைசியாக இறுக்குவதற்கும் வளைய முனை. தளர்ந்த நட்டை விரைந்து சுழற்றுவதற்கும், மேலிருந்து வளையத்தை நுழைக்க இயலாத இடத்திற்கும் வாய் முனை. தொப்பூரில் நான் செய்த இரண்டாவது தவறு, வளையத்தை விட்டு வாய் முனையால் முரண்டு பிடித்தது. கருவி மட்டமானது என்பது ஒரு புறம். அதையும் முறையறியாமல் கையாண்டது மறுபுறம்.

வாய் முனை நேராக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். அது வார்ப்புப் பிழையன்று. குறுகிய இடத்தில் சிறிதளவு திருப்பியதும் ஸ்பானரைக் குப்புறப் புரட்டி மாட்டினால், அடுத்த பிடி கிடைத்துவிடும். வளையத்தின் உட்புறம் 12 மூலை உள்ளதும் உண்டு, 6 மூலை உள்ளதும் உண்டு. 12 மூலை வளையத்தை 30 பாகைக்கு ஒருமுறை மாற்றி மாட்டலாம் என்பதால் இடுக்கில் வசதி. 6 மூலை வளையம் நட்டின் பக்கங்களில் நன்கு படிவதால், துருவேறிய, பாதி தேய்ந்த நட்டுக்கு அதுவே சிறந்தது.

இன்னொன்றையும் கடையில் எவரும் சொல்வதில்லை. போல்ட்டின் தலை ஒரு பக்கமும் நட்டு மறு பக்கமுமாக இருக்கும் இடங்களில், நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் உடன் சுழலும். ஒரு ஸ்பானரால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். அப்போது ஒரே அளவில் இரண்டு தேவை. தண்ணீர் மோட்டாரின் குழாய் இணைப்பு இதற்கு நல்ல சான்று. ஆகவே, அடிக்கடி வேலை வருகின்ற 13, 17 போன்றவற்றில் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். அல்லது, 12-13, 16-17 என்று இரு முனையிலும் இரு வேறு அளவுள்ள சாதாரண ஸ்பானர்களைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லா அளவுக்கும் திருகி மாற்றிக்கொள்ளும் ஸ்க்ரூ ஸ்பானர் ஒன்று போதாதா?" என்று கேட்போர் உண்டு. சுவீடனைச் சேர்ந்த யோகான் பெட்டர் யோகான்சன் 1892இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழாய் வேலைக்கு மிகவும் பயன்படும். ஆனால், அதன் ஒரு தாடை நகரக்கூடியதாகையால் வேலையின்போது சற்றே நெகிழும். அதை அவசரத்திற்கு உதவும் விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம்; வீட்டுப் பொறுப்பை ஒப்படைக்கலாகாது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடைக்குச் செல்லும்போது 13, 17 எண்களுக்குரிய புதிய போல்ட்டுகள் இரண்டைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்பானரின் இரு முனைகளையும் அவற்றில் மாட்டிப் பாருங்கள். தடையின்றி நுழைய வேண்டும், நுழைந்தபின் ஆடக்கூடாது. வாயின் இரு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் பிசிறு இருந்தாலும், முலாம் பொருக்குத் தட்டியிருந்தாலும் விலக்கிவிடுங்கள். உரிகின்ற முலாம் பிளேடுபோல் கையைக் கிழிக்கும்.

நல்ல ஸ்பானர், பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் அடித்து உருவாக்கி, பின்னர் பதமேற்றப்படுவது. குரோமியமும் வெனேடியமும் கலந்த எஃகு உறுதியும் நெகிழ்திறனும் ஒருங்கே உடையது. ஆனால், 'குரோம் வெனேடியம்' என்று பொறித்திருப்பதெல்லாம் அவ்வாறே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். எழுத்துப் பொறிக்க எஃகு தேவையில்லை. தயாரிப்பாளரின் பெயரும் அளவும் ஆழமாகப் பதிந்திருக்கின்றனவா, கேட்டால் ரசீது கொடுப்பார்களா என்று பாருங்கள். பஞ்சாபின் ஜலந்தர் நகரம் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1965இல் தொடங்கப்பட்ட தபாரியா நிறுவனம் நாசிக்கில் கருவிகளைத் தயாரிக்கிறது. பெயரைச் சொல்லி விற்கவும், குறை கண்டால் கேட்கவும் ஓர் இடம் உள்ள கருவியை வாங்குவதே முறை.

உருப்படிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். மாணவன் சொன்ன 46 உருப்படிப் பெட்டியை நானும் சென்று திறந்து பார்த்தேன். அதில் பெரும்பகுதி திருப்புளியின் சிறு முனைகள். எஞ்சியவை சாக்கெட்டுகள், அவற்றுள் மிகப் பெரியது 14. அவர்கள் வீட்டு மோட்டாரின் இணைப்புக்கோ 17 வேண்டும். தந்தை அந்நிய நாட்டில் வெயிலில் நின்று ஈட்டி அனுப்பிய பணம், வேலைக்கு ஆகாத 46 உருப்படிகளாக மாறவிருந்தது.

கையாளும் முறை

ஸ்பானரை இயன்றவரை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது வழுக்கினால் முட்டிகள்தான் முதலில் அடிபடும். தள்ளியே ஆகவேண்டிய இடமாயின், விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ளுங்கள். நட்டு அசையவில்லை என்று ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி நீட்டாதீர்கள். அளவுக்கேற்ற பலத்திற்கென்றே அதன் நீளம் அமைந்திருக்கிறது. அதை மீறினால் ஸ்பானர் விரியும். அல்லது போல்ட்டு முறியும். துருவேறிய நட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெய் அல்லது துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓரிரவு பொறுத்திருந்து, மெல்லத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். பொறுமை செய்கின்ற வேலையைப் பலம் செய்வதில்லை.

தளர விடுவது எவ்வளவு ஆபத்தோ, அளவு மீறி இறுக்குவதும் அவ்வளவு ஆபத்து. எஞ்சினின் அலுமினியப் பகுதியில் எஃகுப் போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினால் மரை உரிந்துவிடும். கார்ச் சக்கரத்தின் நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான மரைகள் வலப்புறம் திருப்பினால் இறுகும். ஆனால், சைக்கிளின் இடது பெடல் அதற்கு நேர்மாறானது. இது தெரியாமல் கழற்ற முயன்று மேலும் மேலும் இறுக்கியவர்கள் பலர்.

மோட்டாரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிரேக்கையும் சமையல் எரிவாயுவையும் பயின்றவர்களிடம் விட்டுவிடுங்கள். ஸ்பானர் வைத்திருப்பவன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை.

மாணவன் வாங்கியது

அவனிடம் என் ஸ்பானர்களைக் கொடுத்து, "கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றி வா. எந்த நட்டுக்கு எது பொருந்துகிறது என்று எழுதிக்கொண்டு வா" என்றேன். வெள்ளிக்கிழமை விடுமுறையில் மோட்டார், வாசற்கதவு, தண்ணீர்த் தொட்டியின் தாங்கி, தந்தையின் பழைய டிவிஎஸ் மொபெட் என்று எல்லாவற்றையும் அளந்துவிட்டான். அந்த மொபெட்டின் மூதாதையான டிவிஎஸ் 50, 1980இல் பிறந்தது ஒசூரில். அன்று ஒசூர் எங்கள் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு பிரிந்து சென்றது. மாணவன் கொண்டு வந்த தாளில் ஆறு எண்களே இருந்தன.

ஆறு எண்ணிலும் ஒவ்வொன்றும், 17இல் மட்டும் ஒன்று கூடுதலாகவும், ஆக ஏழு ஸ்பானர்களை வாங்கினோம். உண்மையைச் சொல்வதானால், அந்த 46 உருப்படிப் பெட்டியின் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆயிற்று. வீட்டில் திட்டு விழுமோ என்று அவன் அஞ்சினான். அவன் தாயாரோ, பழைய கால்சட்டைத் துணியில் ஏழு பைகள் வைத்துத் தைத்து, ஒவ்வொன்றின்மேலும் எண்ணை நூலால் எழுதி, சுருட்டிக் கட்டும்படி நாடாவும் வைத்துவிட்டார். ஒன்று குறைந்தாலும் வெற்றுப் பை காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பதைத் தங்கைகள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழிந்து மோட்டார் இணைப்பில் நீர் கசிந்தது. ஆளை அழைக்கவில்லை. மகன் ஒரு 17ஆல் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, தாயார் மற்றொரு 17ஆல் நட்டை இறுக்கினார் என்று அறிந்தேன். கசிவு முழுவதும் நிற்கவில்லை. உள்ளிருந்த ரப்பர் வளையம் பழுதாம். அதை மாற்ற ஆள் வந்தார். ஆனால், எது பழுது என்று அவருக்குச் சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்கள்.

பின்னொரு நாள் அவ்வழியே சென்றபோது, அந்தத் துணிச் சுருளில் ஒரு பை வெறுமையாக இருக்கக் கண்டேன். "13 எங்கே?" என்றேன். "பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளுக்குக் கேட்டாங்க, ஹஜ்ரத். குடுத்திருக்கேன்" என்றான். சிறு புழங்குபொருளை அண்டை வீட்டாருக்கு மறுப்பதைத் திருக்குர்ஆனின் 'அல்-மாஊன்' அத்தியாயம் கண்டிக்கிறது. வாளியையும் கோடரியையும் பாத்திரத்தையும் அதற்கு எடுத்துக்காட்டாக விரிவுரையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 13ஆம் எண் ஸ்பானரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியவாறே வீடு திரும்பினேன். தொப்பூர் கணவாயில் லாரியை நிறுத்தி இறங்கி வந்த அந்த ஓட்டுநரின் நினைவு வந்தது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.